கை ஓய்ந்த பின்னும் வகுப்பெடுத்த எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலருக்கு அவர் மதினி, சிலருக்குச் சித்தி, சிலருக்குப் பெரியம்மா. இராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு வந்து அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் வீடு தெரியாது. ‘கிட்டார் டீச்சர் வீடு’ என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுப் போவார்கள்.

உடன்பிறந்த தம்பி என்ற முறையில் அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும் பொறுப்பை அக்காவின் கணவரான அத்தான் என்னிடம் கொடுத்தார். நான் லேத் பட்டறை நடத்துகிறவன். எழுதிப் பழக்கமில்லை. கண்ணால் கண்டதையும் அக்கா வாயால் கேட்டதையும் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா இராஜபாளையத்தில் பிறந்தார். அப்பா பஞ்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தார். தளவாய்புரத்திலிருந்து வாழ வந்த அம்மா, வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பாவாடை, நைட்டி தைத்துக் கொடுப்பார். அப்பா இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலில் தூங்குவதால் எங்கள் வீட்டில் சத்தம் போட்டுப் பேசக்கூட முடியாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு இசை ஆசிரியை வந்ததை எங்கள் சொந்தக்காரர்கள் வெகுகாலம் ஆச்சரியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஆலயத்தின் பீரோவுக்குள் ஒரு கிட்டார் சும்மா கிடந்தது. அதை வாசித்துக்கொண்டிருந்த பாடகர் குழு அண்ணன் ஒருவர் பிழைப்புக்காகத் திருப்பூர் போய்விட்டார். அக்கா போதகர் ஐயாவிடம் போய், அதைத் தான் பழகலாமா என்று கேட்டார். வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது, ஆலயத்துப் பின்னறையில் வைத்துப் பழகிக்கொள் என்று ஐயா சாவியைக் கொடுத்தார். கிட்டாரோடு விரல் படம் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்றும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா அங்கே போய், படத்தில் இருக்கிறபடி விரலை வைத்துவைத்துப் பார்ப்பார். விரல்நுனி எல்லாம் கன்றிப்போகும். சத்தம் மட்டும் சகிக்காது. தனக்கு வராது போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாராம். ஆனாலும் விடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அந்த அண்ணன் ஊருக்கு வந்தார். கிட்டாரை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, திருகாணிகளைத் திருகிச் சுருதி சேர்த்துக் கொடுத்தார். அக்கா அதே விரல்களை அதே இடத்தில் வைத்து வாசித்தபோது கீர்த்தனை கணீரென்று வந்தது. அத்தனை மாதமும் அவருடைய விரல்கள் சரியாகத்தான் இருந்திருக்கின்றன. சுருதிதான் இறங்கிக் கிடந்திருக்கிறது. தன்னிடம் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்கா இந்தக் கதையைச் சொல்வார். வராவிட்டால் உடனே தன்னைக் குறை சொல்லிக்கொள்ளக்கூடாது, முதலில் சுருதியைப் பார்க்க வேண்டும் என்பார்.

பெண்பிள்ளை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு திரிவதில் அம்மாவுக்கு ஆரம்பத்தில் விருப்பமில்லை. அப்பாதான், படிப்பு கெடாதவரைக்கும் பழகட்டும் என்றார். அக்கா மதுரைக்குப் போய் கிரேடு தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதினார். பிறகு அரசு இசை ஆசிரியர் சான்றிதழுக்குப் படித்தார். அதற்கு வாய்ப்பாட்டு தெரிந்தாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாட்டு டீச்சர் வீட்டில், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நடுவே கல்யாண வயதுப் பெண்ணாகிய அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து சரளிவரிசை பாடினார். அந்தப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு கொடுப்புக்குள் சிரிக்கும். வயதான பிறகு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன் என்று பின்னாளில் சொல்வார்.

அத்தான் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் தறி மேஸ்திரி. இசைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கல்யாணமான புதிதில் அக்கா ஆசையாக ஒரு பாட்டை வாசித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, “எனக்கு எல்லாமே தறி ஓடுற மாதிரிதான் கேக்கு” என்றாராம். ஆனால் அக்கா கிட்டாரோடு வெளியே கிளம்பும் ஒவ்வொரு நாளும் மொபெட்டில் பேருந்து நிலையம் வரை கொண்டுவிட்டது அத்தான்தான். மழை நாட்களில் கிட்டார் உறைக்கு மேலே போர்த்த பிளாஸ்டிக் தாளை அவரே அளவு பார்த்து வெட்டி வைத்திருந்தார்.

அக்காவின் முதல் வேலை ஒரு தனியார் பள்ளியில். வியாபாரிகள், ஆலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம். கிட்டார் வகுப்பு என்று அறிவிப்பு வைத்ததும் நிறையப் பேர் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வேண்டியிருந்தது ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு. அதற்குள் எல்லாப் பிள்ளைகளையும் தயார் செய்ய முடியாது என்று அக்கா சொன்னார். முன்வரிசையில் நன்றாக வாசிக்கிற சிலருக்கு மட்டும் மைக் வைத்துவிடுங்கள், மற்றவர்கள் கம்பியில் படாமல் கையை மட்டும் ஆட்டட்டும், பார்க்க அழகாக இருக்கும் என்று மேலிருந்து பதில் வந்தது. அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. புதிதாகச் சேர்ந்த வேலை என்பதால் சம்மதித்தார்.

ஒத்திகையின்போது பின்வரிசையில் நின்ற சிறுமி ஒருத்தி அக்காவிடம் வந்து, “மிஸ், நாங்க நெசமா வாசிச்சா அசிங்கமா இருக்குமா?” என்று கேட்டாள். விழா நன்றாக நடந்தது, கைத்தட்டல் கிடைத்தது, பெற்றோர்கள் படம் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் அக்கா வேலையை விட்டுவிட்டார். வேலையை விட்ட பிறகுதான் அந்தப் பிள்ளை கேட்டதை எங்களிடம் சொன்னார். மேடைக்காக இனி யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டார். கடைசிவரை அதில் மாறவில்லை.

அதன்பின் சில வருடங்கள் வீட்டிலேயே வகுப்பெடுத்தார். பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசுப் பெண்கள் பள்ளியில் பகுதி நேர இசை ஆசிரியராக நியமனம் கிடைத்தது. வாரத்தில் சில அரை நாட்கள் வேலை. நிரந்தரம் கிடையாது. வீட்டு வகுப்பை விரிவாக்கினால் இதைவிட வசதியாக இருக்கலாமே என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் இல்லாவிட்டால் இன்னொரு டீச்சர் கிடைப்பார், அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கிட்டாரைத் தொட்டே பார்த்திருக்காது என்றார். கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பேருந்தில் போக ஆரம்பித்தார். நடத்துநர்கள் முதலில் சுமைக் கட்டணம் கேட்டார்கள். பழகிய பிறகு அவர்களே ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் அக்காவை யாரும் எதிர்க்கவுமில்லை, வரவேற்கவுமில்லை. இசை வகுப்பு என்றால் காலைப் பிரார்த்தனைப் பாட்டு, சுதந்திர தினப் பாட்டு. பரீட்சை நெருங்கினால் அந்தப் பாடவேளையைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். அறை நிறையப் பிள்ளைகள் இருக்க, கிட்டார் அக்கா கொண்டுபோகும் ஒன்றுதான். ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சத்தம் கூடினால் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் அக்கா என் பட்டறைக்கு வந்தார். கிட்டாரின் கழுத்து அளவுக்கு மரச்சட்டங்கள் வேண்டும், அதில் குறுக்குக் கம்பிகளும் நீளக் கம்பிகளும் இருக்க வேண்டும், சத்தம் வரவேண்டியதில்லை என்றார். எதற்கு என்று கேட்டேன்.

“விரல் பழகட்டும்லே. சத்தம் பொறவு வரட்டும்” என்றார்.

பழைய கதவு நிலைகளை அறுத்துச் சட்டம் போட்டேன். குறுக்கே ரம்பத்தால் கீறி, சைக்கிள் ஸ்போக்கை அளவாக வெட்டி அதில் இறக்கினேன். நீளக் கம்பிக்குத் தூண்டில் நரம்பைக் கட்டினோம். முதலில் செய்தவை கோணல்மாணலாக இருந்தன. அக்கா ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, இது பிள்ளைகள் கையைக் கிழிக்கும், இதை இன்னும் தேய் என்று திருப்பித் திருப்பிக் கொடுப்பார். கடைசியில் ஒரு கோணிப்பை நிறையப் பலகைகள் சேர்ந்தன. அத்தானும் நானும் அவற்றைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கினோம்.

அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஒரு பலகை. அறையில் சத்தமே இல்லை. பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்த கணக்கு டீச்சர், எல்லோரும் தலையைக் குனிந்து பலகையில் விரல் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். பலகையில் விரல் சரியாக விழ ஆரம்பித்த பிள்ளையைத்தான் அக்கா கிட்டாருக்கு அழைப்பார். அவள் வந்து வாசித்தவுடன் உண்மையான சத்தம் வரும். அந்த முகத்தைப் பார்க்கவே பலகை செய்தோம் என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அதன்பின் இராஜபாளையத்தில் தன்னிடம் முன்பு படித்தவர்களின் வீடுகளுக்கு அக்கா போனார். அந்தப் பிள்ளைகள் எஞ்சினியரிங் படித்து வெளியூர், வெளிநாடு என்று போயிருந்தார்கள். அவர்களுடைய கிட்டார்கள் பரணில் தூசி படிந்து கிடந்தன. கேட்ட வீடுகளில் பெரும்பாலும் சந்தோஷமாகவே கொடுத்தார்கள். பெட்டியோடு கொடுத்தவர்களும் உண்டு. அப்படி வந்த கிட்டார்களின் உடைப்புகளை நான் ஒட்டி, திருகாணி மாற்றிக் கொடுத்தேன். பள்ளியில் ஒரு மூலை நிறைந்தது. வீட்டு வகுப்புப் பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் சனிக்கிழமை வகுப்பு ஒன்றையும் தன் வீட்டில் தொடங்கினார். ஒருசில பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. தங்கள் பிள்ளைகளுக்குத் தனி நேரம் கேட்டார்கள். தனி நேரம் இல்லை என்று அக்கா நிதானமாகச் சொன்னார். அவர்களில் இரண்டொருவர் நின்றுபோனார்கள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தச் சோதனை வந்தது. ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தவருக்கு இடது கை மேலே எழும்பவில்லை. சீப்பு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அத்தான் உடனே இங்குள்ள மருத்துவமனைக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுபோனார். பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். பேச்சும் நினைவும் பழையபடி இருந்தன. இடது கால் சில மாதங்களில் ஓரளவு திரும்பியது. இடது கை மட்டும் திரும்பவில்லை. டம்ளரைப் பிடிக்கும் அளவுக்கு வந்தது. கம்பியை அழுத்தும் பலம் வரவில்லை. கிட்டார் வாசிக்கிறவருக்கு இடது கைதான் எல்லாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாதங்களில் அக்கா கிட்டார் இருந்த அறைக்குள் போகவில்லை. வீட்டு வகுப்புகள் நின்றுவிட்டன. ஒருநாள் மத்தியானம் நான் பார்க்கப் போனபோது அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, நான் செய்த பலகைகளில் ஒன்றை மடியில் வைத்திருந்தார். வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூண்டில் நரம்பின் மேல் வைத்தார். வலது கையை எடுத்ததும் விரல்கள் நழுவிவிட்டன. மறுபடி வைத்தார். மறுபடி நழுவின. நான் வாசலில் நின்றதை அப்போதுதான் பார்த்தார்.

“வா. நீ செஞ்ச பலகை இப்ப எனக்குத்தான் உதவுது. தப்பா அமுக்குனாலும் யாருக்கும் கேக்காது” என்றார்.

காப்பி போட்டுக் கொண்டுவந்தேன். இருவரும் குடித்தோம்.

சில வாரங்கள் கழித்து, பள்ளிக்கூடத்திலிருந்து முத்துமாரி என்ற மாணவி வந்தாள். செண்பகத்தோப்பு போகும் வழியில் மாந்தோப்புக் காவல் பார்ப்பவர் மகள். அப்போது பதினோராம் வகுப்பு. அக்காவைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடக் கிட்டார் ஒன்றைப் பேருந்தில் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிட்டாரை மடியில் எடுத்து வைத்தாள். பிறகு, எஃப் என்ற கார்டு மட்டும் தனக்கு வரவேயில்லை என்றாள். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல்பிடியைத்தான் கார்டு என்பார்கள்; எஃப் கார்டுக்கு ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கே சிரமம்.

வாசித்துக் காட்டும்படி அக்கா சொன்னார். அவள் வாசித்தாள், மொண்ணையாக ஒரு சத்தம் வந்தது. அக்காவின் வலது கை தன்னை அறியாமல் கிட்டாரை வாங்க நீண்டது. பிறகு கீழே இறங்கிவிட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

“கட்டை விரல் எங்கட்டி இருக்கு?”

“மேல டீச்சர்.”

“மேலன்னா?”

முத்துமாரி குனிந்து தன் கையைத் தானே பார்த்தாள். கட்டை விரல் கழுத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கீழே இறக்கிப் பின்பக்கம் வைத்தாள். சத்தம் கொஞ்சம் தெளிந்தது. இப்போது எந்தக் கம்பி பேசவில்லை என்று அக்கா கேட்டார். அவள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சொன்னாள். ஏன் பேசவில்லை என்று கேட்டார். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு விரலைச் சற்றே திருப்பி வைத்தாள். அன்று சாயங்காலம் அவள் பேருந்துக்குக் கிளம்புமுன் அந்தக் கார்டு சுத்தமாக வந்துவிட்டது. அக்கா கிட்டாரைத் தொடவேயில்லை.

அவள் போன பிறகு அக்கா என்னையும் அத்தானையும் பார்த்து, “இத்தனை வருசமா நான் வாசிச்சுக் காமிச்சிருக்கேன். பிள்ளைக பாத்துக்கிட்டு இருந்திருக்கு. அதுகளா கண்டுபிடிக்க நான் விடவே இல்ல பாத்துக்கோ” என்றார். முகத்தில் வருத்தமும் இருந்தது, பல மாதங்களாக நாங்கள் பார்க்காத ஒரு தெளிச்சியும் இருந்தது. அடுத்த சனிக்கிழமை வீட்டு வகுப்பு மறுபடி தொடங்கியது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் அக்கா வேலைக்குத் திரும்ப விரும்பினார். அப்போது புதிதாக வந்திருந்த தலைமையாசிரியை நல்லவர். ஆனால் அவருக்கும் பதில் சொல்ல வேண்டிய இடங்கள் இருந்தன. பகுதி நேர வேலையில் நீண்ட விடுப்புக்கு இடம் கிடையாது. அன்று அக்காவை அழைத்துப்போனது நான்தான். தலைமையாசிரியை எங்களை உட்கார வைத்து மரியாதையாகவே பேசினார்.

“வாசிக்க முடியாத ஒருத்தங்க எப்படி வாசிக்கச் சொல்லிக் குடுப்பாங்கன்னு மேல கேட்டா, நான் என்ன டீச்சர் எழுதட்டும்?” என்றார்.

அக்கா கோபப்படவில்லை. “எழுதறதுக்கு முன்னால ஒரு பீரியடு வந்து உக்காருங்க மேடம்” என்றார்.

தலைமையாசிரியை சம்மதித்து வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவருக்குப் போட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும், அக்கா முத்துமாரியிடம் சொல்லி ஒரு கிட்டாரை அவர் மடியில் வைக்கச் சொன்னார். பார்க்கத்தானே வந்தேன் என்று தலைமையாசிரியை தயங்கினார். பார்த்தால் தெரியாது மேடம், நீங்களே வாசியுங்கள் என்றார் அக்கா. வாசலுக்கு வெளியே நின்ற நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கிற வேலையும் இதோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

அக்கா தன் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளிடம் பேசும் அதே குரலில் ஆரம்பித்தார். சுலபமான கார்டு ஒன்றுக்கு எந்த விரல், எந்தக் கம்பி என்று சொன்னார். தலைமையாசிரியை வைத்து மீட்டினார். சத்தம் வரவில்லை. எங்கே வலிக்கிறது என்று அக்கா கேட்டார். அவர் விரல்நுனியைக் காட்டினார். நுனி கம்பியில் படுகிறதா, நகம் படுகிறதா என்று கேட்டார். தலைமையாசிரியை தன் கையைத் திருப்பிப் பார்த்தார். அழகாக வளர்த்த நகங்கள்.

“நகம் வெட்டிட்டு வரணும் மேடம்” என்றார் அக்கா.

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. தலைமையாசிரியை கிட்டாரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். திரும்பும் வழியில் பேருந்தில் நான் அக்காவிடம், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்றேன். நகத்தோடு வாசிக்க வராதே, பிறகு எப்படிச் சொல்லாமல் இருப்பது என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

மறுநாளும் அக்கா போனார். வகுப்பு தொடங்கிச் சற்று நேரத்தில் தலைமையாசிரியை வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கையை அக்காவிடம் நீட்டினார். அந்தக் கையின் நகங்கள் மட்டும் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. “இது போதுமா டீச்சர்?” என்றார். அன்றைக்கு அந்தப் பாடவேளை முடிவதற்குள் அவர் கையில் ஒரு கார்டு தெளிவாக வந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மேலே அவர் என்ன எழுதினார் என்று நாங்கள் கேட்டதில்லை. அக்காவின் வேலை தொடர்ந்தது. தலைமையாசிரியை மாறுதலாகிப் போகும்வரை நேரம் கிடைத்தபோதெல்லாம் அந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிந்திய வருடங்களே அக்காவின் மிக நல்ல வருடங்கள் என்று நான் நினைக்கிறேன். யாருக்கும் வாசித்துக் காட்ட அவரால் முடியாது. அதனால் நன்றாகக் கேட்டார். எந்த விரல் பிசகியிருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். ஆனால் சொல்லமாட்டார், கேள்விதான் கேட்பார். முத்துமாரி படிப்பு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே கல்லூரியில் சேர்ந்ததும் சனிக்கிழமைகளில் அக்காவுக்குத் துணையாக வந்தாள். புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது வராவிட்டால் அவளுக்கு உடனே கை பரபரக்கும். “நீ வாசிச்சுக் காட்டிராத. அவளே தேடட்டும்” என்று அக்கா தடுத்துவிடுவார். அத்தான் பின்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது தனக்கு இது தறிச் சத்தம் மாதிரி கேட்பதில்லை என்று அவர் ஒருநாள் சொன்னபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். சளி நெஞ்சில் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு நாள் நன்றாக இருப்பார், மறுநாள் தளர்ந்துவிடுவார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அக்காவின் மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கூடவே இருந்தாள். எங்கள் அம்மா தினமும் வந்து அக்காவின் இடது கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு காலத்தில் சொன்ன அம்மா, வந்த செவிலியர்களிடமெல்லாம் என் மகள் கிட்டார் டீச்சர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாக முத்துமாரி பார்க்க வந்தது ஒரு மாலை நேரம். நானும் அங்கே இருந்தேன். அக்காவுக்குப் பேசவே சிரமமாக இருந்தது. அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பற்றி விசாரித்தார்.

“அவ கட்டை விரல் இன்னும் நீட்டிக்கிட்டுத்தான் இருக்கா?”

“இல்ல டீச்சர். சரியாயிட்டு.”

“நீ பிடிச்சு வச்சியா?”

“இல்ல டீச்சர். அவளாத்தான் பாத்து வச்சா.”

அக்கா தலையை அசைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலை, அத்தானும் மகளும் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அடக்க ஆராதனையில் முத்துமாரியை வாசிக்கும்படி போதகர் ஐயா கேட்டார். விரல் நிற்கவில்லை ஐயா என்று அவள் சொல்லிவிட்டாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடினார்கள். கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்தார்கள்.

அக்காவின் நோயிலும் மறைவிலும் எங்களைத் தாங்கியவர்கள் பலர். இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஜெபத்தோடு உடன் நின்ற போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும் எங்கள் நன்றி. நாங்கள் மருத்துவமனையில் கிடந்த நாட்களில், மதம் வேறு, தன் வீட்டுப் பாஷை தெலுங்கு என்று பாராமல் எங்கள் வீட்டு அடுப்பைத் தன் அடுப்பாக நினைத்து மூன்று வேளையும் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நாங்கள் என்ன செய்தாலும் ஈடாகாது. மாறுதலாகிப் போன ஊரிலிருந்து அடக்கத்துக்கு வந்து, கடைசிவரை நின்ற தலைமையாசிரியை அவர்களுக்கும், பரணிலிருந்த கிட்டார்களைத் தந்த குடும்பங்களுக்கும், அக்காவுக்கு இருக்கை பிடித்து வைத்த பேருந்து நடத்துநர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

முத்துமாரி இப்போது ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அக்காவின் இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. சனிக்கிழமை வகுப்பை மட்டும் அவள் அக்கா வீட்டிலேயே விடாமல் நடத்துகிறாள். முன்பைவிடப் பிள்ளைகள் கூடுதலாக வருகிறார்கள். அத்தான் நாற்காலி எடுத்துப் போடுகிறார்.

நினைவு ஆராதனைக்கு வருகிறவர்கள் மாலை வாங்கிவர வேண்டாம் என்று அத்தான் சொல்லச் சொன்னார். ஏதாவது வாங்கிவர மனம் இருந்தால் கிட்டார் கம்பி வாங்கிவாருங்கள். பிள்ளைகள் வாசிக்கிற வாசிப்பில் அடிக்கடி அறுந்துபோகிறது.